கடவுள் பெயர் இல்லாத முகவுரை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டம் என்றால் கோயில் கட்டிய கதையைப் பேசுவதுதான் முறை. செங்கல் சுமந்தவர்களையும், மழை பொய்த்த வருஷத்திலும் மிளகாய் விற்ற காசில் ஒரு பங்கை எடுத்து வைத்தவர்களையும் எனக்கு முன் பேசியவர்கள் நன்றியோடு நினைவுகூர்ந்துவிட்டார்கள். எனக்குத் தந்தையவர்கள் கொடுத்த தலைப்பு ‘கிறிஸ்தவனும் நாடும்’ என்பது. பெரிய தலைப்பு. நான் சரித்திர பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஆகவே அந்தப் பெரிய தலைப்பிலிருந்து ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு பேச உத்தரவு வேண்டுகிறேன். அந்த நாள் 1949 அக்டோபர் 17.

ஏன் அந்த நாள்? காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பல வருஷப் பழக்கமான நெசவாளர் ஒருவர் வந்தார். நல்ல மனுஷர். நம் கோயில் திருவிழாவுக்கு வருவார், சப்பரத்துக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுப்பார். பேச்சுவாக்கில், “சார், கோவிச்சுக்கக் கூடாது. இது இந்து நாடுதானே? உங்களுக்கும் ஒரு ஓரமா இடம் கொடுத்திருக்கோம், அவ்வளவுதானே?” என்றார். விகற்பமில்லாமல்தான் கேட்டார். அதனாலேயே எனக்குத் தொண்டையில் டீ இறங்கவில்லை.

அதே வாரத்தில் நம் இளைஞர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்தார். “நம்ம நாட்டுச் சட்டத்தின் முகவுரையில் கடவுள் பெயரே கிடையாதாம். அதனால்தான் நாடு இப்படிக் கிடக்கிறது. ஐயர்லாந்தில் பரிசுத்த தமத்திரித்துவத்தின் பெயரால் என்றே சட்டத்தை ஆரம்பித்திருக்கிறார்கள்” என்றார். இவரும் நல்ல பிள்ளை. ஞாயிறு பூசை தவறாதவர்.

ஒருவர் நாட்டை ஒரு மதத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். மற்றவர் நாடு கடவுளை மறந்துவிட்டதே என்று வருந்துகிறார். இரண்டு பேருக்கும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து, அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைகளை மறுபடி எடுத்துப் படித்தேன்.

1949 அக்டோபர் 17. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருக்கிறது. தலைவர் ஆசனத்தில் பாபு ராஜேந்திர பிரசாத். ஏறக்குறைய மூன்று வருஷ வேலை முடியப்போகிறது. முகவுரை ஒன்றுதான் பாக்கி. இந்திய மக்களாகிய நாம் என்று அது தொடங்குகிறது. அப்போது எச்.வி. காமத் எழுந்து, அந்தச் சொற்களுக்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்று சேர்க்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார்.

காமத்தை இலேசாக எடைபோட்டுவிடக் கூடாது. ஐ.சி.எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு விடுதலைப் போரில் குதித்தவர். சுபாஷ் சந்திர போஸின் பார்வர்டு பிளாக்கில் இருந்தவர். அந்தக் கட்சியை நம் இராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் ஒரு மதத்தின் சாமியை உள்ளே கொண்டுவரச் சொல்லவில்லை. எல்லாருக்கும் பொதுவான கடவுள் என்றுதான் சொன்னார்.

ஆனால் பாருங்கள், கதவைக் கொஞ்சம் திறந்ததும் என்ன நடந்தது? மதன்மோகன் மாளவியாவின் மகன் கோவிந்த மாளவியா எழுந்து, ‘பரமேசுவரனுடைய அருளால்’ என்று போட வேண்டும், பல மக்கள் பல பெயரால் அழைக்கும் உலக நாயகன் அவரே என்று விளக்கமும் சேர்க்க வேண்டும் என்றார். ஷிப்பன் லால் சக்சேனா எல்லாம் வல்ல கடவுளின் பெயரோடு காந்தியடிகளின் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அஸ்ஸாமைச் சேர்ந்த ரோகிணி குமார் சௌத்ரி, நாங்கள் காமாக்யா தேவியைக் கும்பிடுகிறவர்கள், கடவுள் என்றால் ஆண் தெய்வம் மட்டும்தானா, தேவியின் பெயரும் வேண்டாமா என்று கேட்டார். சிரிப்பு வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

எதிர்த்தவர்கள் யார்? இங்கேதான் நம் இளைஞர் தம்பி கவனிக்க வேண்டும். திருவனந்தபுரத்துப் பட்டம் தாணுப்பிள்ளை எழுந்து, நான் கடவுளை நம்புகிறவன் என்று முதலில் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு, நம்பவும் நம்பாமலிருக்கவும் உரிமை உண்டு என்று இதே சட்டத்தில் எழுதிவிட்டு, முகவுரையில் எல்லார் வாயிலும் கடவுள் பெயரைத் திணித்தால் அது வற்புறுத்தல் ஆகாதா என்று கேட்டார். ஹிருதயநாத் குன்ஸ்ரு, உள்ளத்தின் ஆழத்திலுள்ள புனிதமான உணர்வை இப்படி விவாதத்துக்கு இழுத்துவிட்டார்களே என்று வருந்தினார். கடவுளின் பெயரை எழுதுகிறோம் என்று நினைத்துக்கொண்டு குறுகிய மனப்பான்மையைத்தான் காட்டுகிறோம் என்றார். அலகாபாத்தைச் சேர்ந்த பூர்ணிமா பானர்ஜி அம்மையார், கடவுளையே ஓட்டுக்கு விடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று காமத்தை வேண்டிக்கொண்டார்.

காமத் விடவில்லை. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 41. எதிர்ப்பு 68. இது நம் வரலாற்றில் ஒரு கறுப்பு நாள் என்று காமத் மனம் நொந்து சொல்லி, கடவுள்தான் இந்தியாவைக் காக்க வேண்டும் என்று அமர்ந்தார்.

உள்ளதைச் சொல்லுகிறேன். வாலிப வயதில் இதைப் படித்தபோது நான் காமத் கட்சிதான். நான் அந்தச் சபையில் இருந்திருந்தால் நாற்பத்திரண்டாவது கை என்னுடையதாக இருந்திருக்கும். என் மனம் மாறியதற்குக் காரணம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்தான் காரணம்.

அந்தத் திருத்தம் வெற்றி பெற்றிருந்தால் நம் தமிழ் முகவுரையில் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள்? மாளவியாவின் பரமேசுவரன் என்றால் தமிழனுக்கு அது சிவபெருமான். திருச்சுழி திருமேனிநாதர் சந்நிதியில் நிற்பவருக்கு அது இனிக்கும், மற்றவருக்கு? நம் பாட்டிமார்கள் செபித்த செபத்தில் கடவுளுக்குப் பெயர் ‘சர்வேசுரன்’. அதுவும் ஈசுவரனிலிருந்து வந்த சொல்தான்! பழைய செபப் புத்தகத்தை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். அதே காலத்தில் நம் புராட்டஸ்டாண்டு சகோதரர்கள் ‘பராபரன்’ என்றார்கள். பிறகு ‘தேவன்’ என்றும் ‘கர்த்தர்’ என்றும் ஜெபித்தார்கள். நாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு மெள்ள மெள்ள ‘இறைவன்’, ‘கடவுள்’ என்று மாறினோம். 1995-ல் பொது மொழிபெயர்ப்பு விவிலியம் வந்தபோது ‘கடவுள்’ என்று அச்சிட்டார்கள். அந்தப் பக்கத்தில் பலர் இன்றுவரை பழைய ‘தேவனை’ விடவில்லை. ஒரே ஆண்டவரை வணங்குகிற, ஒரே சுவிசேஷத்தை வாசிக்கிற நாமே ஒரு சொல்லில் சேர முடியவில்லை. முஸ்லிம் அன்பர்கள் அல்லாஹ் என்பார்கள். இவ்வளவும் போக, கடவுள் என்ற சொல்லே வேண்டாம் என்று ஊர் ஊராய்ப் பேசிவந்த பெரியாரின் பின்னால் ஒரு பெருங்கூட்டம் இருந்ததும் இதே தமிழ்நாடுதான். இத்தனை பேரையும் ‘நாம்’ என்ற ஒரே சொல்லுக்குள் உட்கார வைக்க வேண்டும். கடவுளின் பெயரை முன்னால் போட்டால், அந்தப் பெயருக்கு வெளியே நிற்கிறவன் ‘நாம்’ என்ற சொல்லுக்கும் வெளியே போய்விடுகிறான்.

அப்படியானால் அந்தச் சபை கடவுளை நாட்டை விட்டே துரத்திவிட்டதா? இல்லை. 1948 டிசம்பர் மாதம் ஜனாதிபதியின் பதவிப் பிரமாணத்தைப் பற்றி விவாதம் வந்தது. அங்கேயும் காமத் எழுந்தார். மகாவீர் தியாகியும் சேர்ந்துகொண்டார். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று இரண்டு வழியும் வைத்துச் சபை ஏற்றுக்கொண்டது. அன்று ஏற்றதும் மறு வருஷம் மறுத்ததும் ஒரே சபை. தனி மனிதன் தன் வாயால் தன் கடவுளை அழைக்க இடம் கொடுத்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒருவர் அழைப்பதைத்தான் வேண்டாம் என்றார்கள். 1967-ல் அறிஞர் அண்ணா அமைச்சரவை உளமார என்று உறுதி எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் கடவுள் பெயரால் எடுத்திருக்கிறார்கள். நாடு இரண்டையும் தாங்கிக்கொண்டது. (ஆணையே இடாதீர்கள் என்று நம் ஆண்டவர் மலைப்பொழிவில் சொன்னது வேறு விஷயம். அதைப் பற்றித் தந்தையவர்கள் ஒரு ஞாயிறு பிரசங்கம் வைத்தால் நல்லது.)

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதச்சார்பற்ற என்ற சொல்லும் அன்று முகவுரையில் இல்லை. பேராசிரியர் கே.டி. ஷா 1948 நவம்பரில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் சேர்க்கப் பார்த்தார். சபை அதையும் ஏற்கவில்லை. அது 1976-ல் 42-ஆவது திருத்தத்தின் மூலம்தான் முகவுரைக்கு வந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று போடப்பட்ட வழக்குகளை 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஆக, நாட்டை நிறுவியவர்கள் கடவுள் பெயரையும் எழுதவில்லை, கடவுளோடு சம்பந்தமில்லை என்று பலகையும் மாட்டவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். டீக்கடை நண்பருக்கு என் முதல் பதில் இதுதான்: ஓரத்தில் இடம் கொடுப்பதற்கு நடு இடம் யாருக்கும் எழுதி வைக்கப்படவில்லை.

இரண்டாவது பதில், மதுரைக்காரர் ஒருவரைப் பற்றியது. மதத்தைக் கடைப்பிடிக்க மட்டுமல்ல, பரப்பவும் உரிமை உண்டு என்ற பிரிவு 1948 டிசம்பரில் விவாதத்துக்கு வந்தது. இன்று அது 25-ஆவது பிரிவு. ஒரிசாவிலிருந்து வந்த லோகநாத் மிஸ்ரா ‘பரப்ப’ என்ற சொல்லைக் கடுமையாக எதிர்த்தார். அப்போது நமக்காகப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் மதுரைப் பக்கத்து எல். கிருஷ்ணசாமி பாரதி. நாவலர் சோமசுந்தர பாரதியாரின் மருமகன்; நல்ல இந்து. இந்தச் சொல் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள், இது எல்லா மதத்தாருக்கும் உள்ள உரிமை, எல்லாம் ஒரே கடவுள்தான், பெயர்தான் வேறு, என் அனுபவத்தில் கிறிஸ்தவர்கள் எல்லை மீறியதில்லை என்ற கருத்தில் பேசினார். டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் எழுந்து, நான் கிறிஸ்தவப் பள்ளியிலும் கல்லூரியிலுமாகப் பதினான்கு வருஷம் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று சாட்சி சொன்னார். அதைப் படிக்கும்போது நம் மண்ணில் பிறந்த இன்னொருவர் எனக்கு ஞாபகம் வருவார். 1879-ல் திருச்சுழியில் பிறந்த இரமண மகரிஷி மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில்தான் படித்தார். போய்ச் சேர்ந்தது திருவண்ணாமலை.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு பெருமகன் அந்தச் சபையில் இருந்தார். சேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகள். திருச்சி சூசையப்பர் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அப்போது சென்னை இலயோலாக் கல்லூரி முதல்வர். நகல் சட்டத்தில் சென்னை, பம்பாய் சட்டசபைகளில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். 1949 மே மாதத்தில் மதச் சிறுபான்மையினருக்கான அந்த ஒதுக்கீடுகளைக் கைவிடும் தீர்மானம் வந்தபோது அடிகளார் அதை ஆதரித்துப் பேசினார். சபையின் துணைத்தலைவர் எச்.சி. முகர்ஜி வங்காளத்துக் கிறிஸ்தவர். அவரும் அதே எண்ணம் கொண்டவர். நமக்கென்று தனித் தொகுதி வேண்டாம், எல்லாரோடும் ஒருவராக ஓட்டுக் கேட்போம் என்று விட்டுக்கொடுத்தார்கள். ஓரத்தில் ஒண்ட வந்தவன் கையில் இருந்ததை விட்டுக்கொடுப்பானா? சொந்த வீட்டுக்காரன்தான் விட்டுக்கொடுப்பான்.

ஐயர்லாந்துக்கு வருகிறேன். தம்பி சொன்னது உண்மை. 1937-ல் எழுதிய ஐரிஷ் அரசியல் சட்டம் தமத்திரித்துவத்தின் பெயரால்தான் தொடங்குகிறது. இன்றும் அப்படியே இருக்கிறது. அதோடு கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி அந்தஸ்து என்றும் ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவு என்ன ஆயிற்று? அது போனால் நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன் என்று அந்நாட்டுக் கர்தினால் கான்வே 1969-ல் சொன்னார். 1972-ல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை நீக்கிவிட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். வட பகுதியில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டாண்டுகளும் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அமெரிக்காவிலோ 1776 சுதந்திரப் பிரகடனத்தில் படைத்தவரின் பேச்சு உண்டு. 1787-ல் எழுதிய அரசியல் சட்டத்தில் கடவுளை அழைக்கவில்லை. எங்கள் நாடு கிறிஸ்தவ நாடாகப் பிறந்ததா, பொதுவாகக் கடவுளை நம்பும் நாடாகப் பிறந்ததா என்று அவர்கள் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்து வீட்டைப் பாருங்கள். 1949 மார்ச் 12-ஆம் தேதி, காமத்தின் திருத்தத்துக்கு ஏழு மாதம் முன்னால், பாகிஸ்தான் சபை, ஆட்சியுரிமை முழுவதும் அல்லாஹ்வுடையது என்று தொடங்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. சிறுபான்மை உறுப்பினர்கள் வேண்டாம் வேண்டாம் என்று மன்றாடினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், 1972 அரசியல் சட்டம் புத்த மதத்துக்கு முதலிடம் கொடுத்தது. அதன் பிறகு நம் இனத்தார் பட்ட பாட்டுக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தனக்கு முதலிடம் இல்லை என்று சட்டத்திலேயே படித்தவன் மனம் எப்படி இருக்கும்?

நம் திருச்சபையே 1965 டிசம்பர் 7-ஆம் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மத விஷயத்தில் எந்த மனிதனையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அறிக்கை வெளியிட்டது. பட்டம் தாணுப்பிள்ளை அதே கருத்தை அதற்குப் பதினாறு வருஷம் முன்னால் டெல்லியில் சொல்லிவிட்டார் என்று என் மாணவர்களிடம் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தந்தையவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் சரித்திர வாத்தியார் அல்ல. முகவுரையில் காலியாக விட்ட இடத்தில் வேறொரு வாசல் வழியாக மதம் நுழைந்தது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஜனாதிபதி பிறப்பித்த தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணையில் மூன்றாவது பத்தி என்று ஒன்று உண்டு. இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சேர்ந்தவர் எவரும் அந்தப் பட்டியலில் வரமாட்டார் என்றது அது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியேதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை என்பவர், ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை எனக்கு மட்டும் ஏன் இல்லை, கிறிஸ்தவன் என்பதாலா என்று சுப்ரீம் கோர்ட்வரை போனார். 1985-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்றார்கள். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியை நீக்கலாம் என்றது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள்.

ஆதாரம் இல்லை என்றார்களே, ஆதாரத்துக்குக் குறைவா? இங்கே நாம் சர்க்காரை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே குறுக்குச் சுவர் எழுப்பிப் பிரித்து வைத்தவர்கள் பூசைக்குப் போகிற நம்மவர்கள்தானே? திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவுக்குள் திரும்பும், எந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடும் என்பது இந்தக் கரிசல் காட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். மேடையில் சொல்லக் கூடாது என்று நினைப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

குண்டாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு தாயார். நூறு நாள் வேலைக்குப் போய்வந்தவர். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க நடந்து நடந்து அலுத்துப்போனவர். நம் மாநிலத்தில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் கொடுப்பார்கள்; ஆதிதிராவிடர் என்று கொடுக்க மாட்டார்கள். அவர் என்னிடம் சொன்னார்: “ஞானஸ்நானம் வாங்கினா சாதி போயிரும்னு சாமியார் சொன்னாரு. போயிருச்சுன்னு சர்க்காரும் ஒத்துக்கிருச்சு. இந்த ஊருதான் சார் இன்னும் ஒத்துக்கல.”

நான் சரித்திரம் படித்தவன், மூன்று வருஷ விவாதத்தையும் பக்கம் பக்கமாகப் படித்தவன்; அந்த அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. முகவுரையில் கடவுள் பெயர் இருக்கிறதா இல்லையா என்று படித்தவர்கள் வாதாடுகிறோம். அதே முகவுரையில் நீதி, சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதியிருக்கிறதே, அதை வைத்து அந்த அம்மா கணக்குக் கேட்கலாம். பரமேசுவரன் என்றோ தமத்திரித்துவம் என்றோ அந்த இடத்தில் எழுதியிருந்தால், கணக்குக் கேட்பதற்கு முன்னால் நீ எந்தக் கோயில் என்று அவரைக் கேட்டிருப்பார்கள்.

டீக்கடை நண்பரிடம் பிறகு ஒரு நாள் இந்த 41, 68 கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அந்த அறுபத்தெட்டுப் பேருல சாமி கும்பிடுறவங்களும் இருந்தாங்களா சார்?” என்றார். இருந்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டீக்கு அவரே காசு கொடுத்தார். திருவிழாவுக்கு வழக்கம்போலப் பூவும் வந்தது.

நம் பங்கில் மாதாவின் விண்ணேற்பும் சுதந்திர தினமும் ஒரே நாளில் வருவதால் ஆகஸ்ட் 15-ல் கூட்டத்துக்குக் குறைவில்லை; பூசை முடிந்ததும் கொடியேற்றம். ஜனவரி 26-ல்தான் பத்துப் பேர் நிற்கிறோம். வருகிற குடியரசு தினத்தில் கொடிக் கம்பத்தடியில் முகவுரையைச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று பங்குப் பேரவையில் தீர்மானித்திருக்கிறோம். வாசிக்கப்போவது நான் சொன்ன அந்தக் குண்டாற்றங்கரை அம்மாவின் மகள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இப்போதே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். காலை ஏழரை மணிக்குக் கோயில் முற்றத்தில். எல்லாத் தெருக்காரர்களும் வந்து நில்லுங்கள்.